அக்னிவீர் தம்பி டிகிரி படிக்கலாமா, இல்லை நாலு வருஷமும் டியூட்டி மட்டும் பார்க்கட்டுமா?

கோத்தகிரி_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கட்டபெட்டுக்குக் கீழே. ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதை நம்பித்தான் குடும்பம். தம்பி பிளஸ் டூ முடித்த கையோடு அக்னிவீராக, அதாவது ராணுவத்தில் நாலு வருஷச் சிப்பாயாக, சேர்ந்துவிட்டான். பயிற்சி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலேயே கிடைத்தது. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கிற கசம் பரேடுக்கு அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் போயிருந்தோம். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னபோது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவனுக்கு இரண்டாவது வருஷம். வடக்கே ஃபீல்டில், அதாவது எல்லைப் பக்கம், இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சிக்னல் கிடைத்தால் பேசுவான். போன வாரம் பேசும்போது, "அக்கா, கூட இருக்கிற ரெண்டு பேர் டிகிரிக்குப் பேர் கொடுத்திருக்காங்க, நானும் கொடுக்கட்டுமா" என்று கேட்டான். அதிலிருந்து வீட்டில் ஒரே விவாதம். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. நாலு வருஷம் முழுசாக டியூட்டியில் கவனம் வைத்தால்தான் நிரந்தரமாக எடுக்கிற 25 சதவீதத்தில் வர முடியும், புத்தகத்தைத் தூக்கினால் இரண்டும் போய்விடும் என்கிறார். எடுக்காவிட்டாலும் நாலு வருஷம் முடிந்து வரும்போது கொடுக்கிற சேவா நிதி 11.71 லட்சம் வரும், ஒரு வண்டி வாங்கி ஊட்டிக்கு டூரிஸ்ட் ஓட்டிக்கொள்ளட்டும் என்பது அவருடைய கணக்கு.

எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. 100 பேரில் 75 பேர் வெளியே வரத்தானே போகிறார்கள்? 22, 23 வயதில் வெறும் பிளஸ் டூவோடு வந்து நின்றால் என்ன செய்வான்? ஆனால் அங்கே அவன் படுகிற பாட்டை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பனிமுகடு எழுதியது:

நான் இப்போது சர்வீஸில் இருக்கிறேன். செக்‌ஷன் கமாண்டர், அதாவது ஒரு சிறு குழுவுக்குத் தலைவர். உங்கள் தம்பி மாதிரி ஆறு பையன்கள் என் கையில் இருக்கிறார்கள். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா.

அப்பா சொல்வதில் பாதி சரி. நிரந்தரமாக எடுப்பது டிகிரியைப் பார்த்து அல்ல. ஓட்டம், ஃபயரிங், டிரில், நடத்தை, நாலு வருஷத்தில் அவன் எப்படி இருந்தான் என்பதுதான் கணக்கில் வரும். இரவில் இரண்டு மணி நேரம் சென்ட்ரி நின்று, வந்து படுத்து, மறுபடி எழுந்து நிற்கிற இடத்தில் தூக்கம்தான் முதல் தேவை. தூக்கத்தைத் திருடிப் படிக்கிற பையனை எனக்குத் தெரியும். நல்ல பையன்தான். ஒரு நாள் போஸ்டில் கண் அசந்துவிட்டான். அவன் தப்பு அவனோடு நிற்காது, பக்கத்தில் இருப்பவன் உயிருக்கும் அது ஆபத்து.

அதனால் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருஷம் வேண்டவே வேண்டாம். இரண்டாவது வருஷம் ஃபீல்டில் இருந்தால் மெதுவாக. யூனிட் எல்லையிலிருந்து பீஸுக்கு, அதாவது அமைதியான இடத்துக்கு, வந்த பிறகு முழு மூச்சாக. இந்த வரிசைதான் சரி.

பழைய_மதராசி எழுதியது:

பனிமுகடு தம்பி எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனாலும் நான் படித்தேன். எப்படி என்று சொல்லிவிடுகிறேன். 1994-ல் சேர்ந்து 2018-ல் ஹவில்தாராக வந்தவன். வீடு வெலிங்டன் பிளாக் பிரிட்ஜ் பக்கம்.

2001-ல் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், பி.ஏ. சேர்ந்தேன். மூன்று வருஷப் படிப்பு, ஆறு வருஷம் வரை அவகாசம். எனக்கு ஐந்தரை வருஷம் ஆனது. அதில் ஒன்றரை வருஷம் கார்கில் பக்கம் உயரத்தில் இருந்தோம். அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும். தோட்டாப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் தாளை வைத்து எழுதுவேன். பால்பாயிண்ட் பேனா இரண்டு வரி எழுதும், மூன்றாவது வரியில் நின்றுவிடும். குளிரில் மை இறுகிவிடும். அதனால் மூன்று பேனா வைத்திருந்தேன். ஒன்று கையில், இரண்டு அக்குளில். கையில் இருப்பது நின்றதும் மாற்றிக்கொள்வேன். ஒரு அசைன்மென்ட் முடிய பத்து நாள் ஆகும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம், லங்கரில் (சமையல் கூடத்தில்) சாப்பிட்டு வந்த பிறகு. அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட எடுக்க மாட்டேன். தூக்கத்தில் கை வைத்ததில்லை.

இப்போது நான் பட்டு அறிந்தது. பாடப் புத்தகத்தை 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்கு வரவழைத்தேன். நான் இருந்த இடத்துக்கு அது வந்து சேரும்போது யூனிட் நகர்ந்துவிட்டது. புத்தகம் என் பின்னாலேயே ஐந்து மாசம் சுற்றியது. அந்த வருஷம் போயிற்று. இப்போது அந்தத் தொல்லை இல்லை. புத்தகம் வேண்டாம், டிஜிட்டலாகப் போதும் என்று குறித்தால் படிப்புக் கட்டணத்தில் 15 சதவீதம் குறைக்கிறார்கள், ஈ-ஞான்கோஷ் தளத்திலிருந்து பாடத்தை இறக்கிக்கொள்ளலாம். லீவில் வரும்போது போனில் இறக்கி வைத்துக்கொண்டு போகட்டும். மேலே சிக்னலை நம்ப வேண்டாம். தாளில் இருந்தால்தான் படிக்க வரும் என்றால் வீட்டு முகவரிக்கு வரவழையுங்கள், வேண்டிய பக்கத்தை மட்டும் நீங்கள் அனுப்புங்கள்.

குவார்ட்டர்ஸ்_தோட்டம் எழுதியது:

அக்கா, நானும் நீலகிரிப் பெண்தான், ஜெகதளா பக்கம். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். பழைய மதராசி ஐயா சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை அனுபவித்தது வீட்டில் இருந்த நான்.

விண்ணப்பத்தில் எந்த மொபைல் நம்பர் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். என் கணவர் அவருடைய நம்பரைக் கொடுத்துவிட்டார். ஃபீல்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஓ.டி.பி. அந்தப் போனுக்குப் போகும், பத்து நிமிஷத்தில் செத்துவிடும். தேர்வுப் படிவம் போடக் கடைசி நாள். அவர் அங்கே மன்றாடிப் போனை வாங்கி, சிக்னலுக்காக ஒரு மேட்டில் ஏறி நின்று என்னைக் கூப்பிட்டார். இங்கே நான் கணினிக் கடையில். "நாலு... ஏழு... ரெண்டு..." வரைக்கும் கேட்டது, அப்புறம் காற்றுச் சத்தம்தான். மூன்று முறை இப்படி. நாலாவது முறை ஆறு எண்ணும் முழுதாக வந்தது. கடைக்காரத் தம்பி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

அதற்கு அப்புறம் எல்லாவற்றுக்கும் என் நம்பர், என் மின்னஞ்சல். இக்னோவில் அடுத்த வருஷத்துக்கான மறுபதிவு என்று ஒன்று உண்டு. பாஸோ ஃபெயிலோ, தேர்வு எழுதினாரோ இல்லையோ, அந்தத் தேதிக்குள் அதைச் செய்தே ஆக வேண்டும். படிக்கிறவர் மறந்துவிடுவார். வீட்டில் ஒருத்தர் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான்.

கேத்தி_ஆசிரியர் எழுதியது:

கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கேள்வி நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அக்னிவீர்களுக்கென்றே இக்னோ ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறது. 2022 ஜூனில் திட்டம் வந்தபோதே அறிவித்தார்கள். மொத்த கிரெடிட்டில் பாதி, பணியில் பெறும் பயிற்சிக்காகக் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பாடம் படிக்க வேண்டும். மொழி, வரலாறு, பொருளாதாரம், அரசியல், பொது நிர்வாகம், சமூகவியல், கணிதம், வணிகவியல், சுற்றுலா, வேளாண்மை என்று பல துறைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கூடவே சுற்றுச்சூழல் பாடமும் ஆங்கிலத் தொடர்புத் திறனும் உண்டு. முதல் வருஷப் பாடங்களை முடித்தால் சான்றிதழ், இரண்டாவது முடித்தால் டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். நடுவில் நின்றாலும் கையில் ஒன்று இருக்கும். உங்கள் தம்பியின் நண்பர்கள் பேர் கொடுத்தது அநேகமாக இதற்குத்தான்.

இப்போது கணக்கு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி. பழைய மதராசி ஐயாவைப் போல நாளைக்கு முக்கால் மணி என்றால் 240 நாள். ஆக ஃபீல்டில் இருக்கும் வருஷத்தில் ஒரு பாடம், லீவில் உட்கார்ந்தால் இரண்டு. அதற்கு மேல் எழுதிக்கொடுத்தால் பணம்தான் வீண். இந்தக் கணக்கைத் தம்பிக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். மூன்று வருஷத்தில் முடியவில்லையே என்று பின்னால் அவன் மனம் உடையக் கூடாது.

இரண்டாவது, தேர்வு. ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை. தேதிகள் ஒரு மாசத்துக்கும் மேலாகப் பரவிக் கிடக்கும். அக்னிவீருக்கு வருஷத்துக்கு 30 நாள்தான் லீவு, அதில் ரயிலிலேயே ஐந்தாறு நாள் போய்விடும். அட்டவணை வந்த பிறகு, லீவுக்குள் விழுகிற தாள்களை மட்டும் எழுதினால் போதும். மற்றது அடுத்த முறை. தேர்வு மையத்தைப் படிவம் போடும்போதே தேர்ந்தெடுக்கலாம், ஊரில்தான் எழுத வேண்டும் என்றில்லை. யூனிட்டுக்குப் பக்கத்து நகரத்தில் மையம் இருந்தால் அங்கேயே எழுதிவிட்டு மாலையில் திரும்பலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஏர்போர்ஸில் இருந்தபோது, கீழே சமவெளியில் ஒரு ஊரில் 'ஒரே வருஷத்தில் டிகிரி' என்று போர்டு வைத்த இடத்தில் பணம் கட்டினான். சான்றிதழும் வந்தது. பார்க்க அச்சு அசலாகத்தான் இருந்தது. சர்வீஸ் ரெக்கார்டில் பதியக் கொடுத்தபோது சரிபார்க்க அனுப்பினார்கள், அப்படி ஒரு மாணவரே இல்லை என்று பதில் வந்தது. பணம் போனதைவிட, விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் அவன் தவித்த தவிப்பு பெரிது. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. எங்கே சேர்ந்தாலும் அதில் பெயர் இருக்கிறதா, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா, இரண்டையும் பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

பனிமுகடு எழுதியது:

ஆசிரியர் ஐயா, அந்தப் பாதி கிரெடிட் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். பாதியைப் படிக்காமலே கொடுத்த டிகிரியை வெளியே யார் மதிப்பார்கள்? பையன்கள் என்னிடம் கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை.

கேத்தி_ஆசிரியர் எழுதியது:

படிக்காமல் கொடுக்கவில்லை தம்பி. ஏறக்குறைய 31 வாரம் பயிற்சி, அதற்குப் பிறகும் யூனிட்டில் விடாமல் பயிற்சி. வரைபடம் பார்த்து இரவில் வழி கண்டுபிடிப்பது, ரேடியோ செட்டை இயக்கி பராமரிப்பது, முதலுதவி. என் மாணவர்கள் மூன்று வருஷத்தில் செய்முறை என்று செய்வதைவிட இது அதிகம். அதைக் கிரெடிட்டாக எண்ணுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. நம் ஊரிலேயே பாருங்கள், வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் பாடம் முடிக்கும் அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. பட்டம் கொடுக்கிறது. அதிகாரி சீருடையில் கற்றது படிப்பு என்றால், சிப்பாய் கற்றதும் படிப்புதான்.

ஆனால் வேலை கொடுப்பவர் எல்லோரும் இப்படி யோசிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அரசு வேலைக்குப் பட்டம் செல்லும். தனியாரிடம் போனால், மீதிப் பாதியில் அவன் எடுத்த பாடம் பேசும். வணிகவியலோ சுற்றுலாவோ எடுத்து உண்மையாகவே படித்திருந்தால் நீலகிரியில் அதற்கு இடம் உண்டு.

கல்வி_சுபேதார் எழுதியது:

ராணுவக் கல்விப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் பேத்தி காட்டினாள். இரண்டு மூன்று விஷயம் விடுபட்டிருக்கிறது.

தம்பி முதலில் போக வேண்டியது யூனிட்டின் கல்வி ஜே.சி.ஓ.விடம், அதாவது படிப்பைக் கவனிக்கிற இளநிலை அதிகாரியிடம். வெளியில் தானாகச் சேர்ந்துவிட்டுப் பிறகு சொல்வது தவறு. கம்பெனி வழியாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, அதன் நகலை வீட்டுக்கு ஒன்று அனுப்பட்டும். அனுமதித் தாள் இருந்தால், தேர்வு நேரத்தில் லீவு கேட்கும்போது கம்பெனி கமாண்டருக்கும் முடிவெடுப்பது எளிது. தேறிய பிறகு அசல் சான்றிதழைக் காட்டி, பணிப்பதிவில் ஏற்றுகிற பார்ட் டூ ஆர்டரில் பதியச் சொல்ல வேண்டும். அதில் ஏறாத படிப்பு, ராணுவத்தின் கணக்கில் படிக்காத படிப்புதான். டிகிரி முடித்து, பெட்டிக்குள் வைத்து, பதியாமலே ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'பத்தாவது' என்றே இருக்கும்.

அடுத்து, பத்தாவதோடு சேர்ந்த பிள்ளைகளுக்கு. இவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது முடிக்க வழி செய்திருக்கிறார்கள். அதை முடிக்காமல் டிகிரிக்குத் தாவக் கூடாது. தமிழ்நாட்டு அரசு வேலைக்கு 10, 12, அதன்பின் பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். இந்தப் பையன் பிளஸ் டூ முடித்திருப்பதால் கவலை இல்லை, ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

இப்போது அப்பாவுக்கு ஒரு செய்தி. எங்கள் காலத்தில் பத்தாவது தேறி 15 வருஷம் சேவை முடித்தவனை, பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கு, தொழில்நுட்பம் சாராத வேலை என்றால், பட்டதாரிக்கு இணையாக எடுத்துக்கொண்டார்கள். அந்த விதி இன்றும் முன்னாள் படைவீரர்களுக்குக் கை கொடுக்கிறது. அதனால்தான் அப்பாவின் வயதுள்ள பழைய சிப்பாய்கள் பலர் 'நாங்கள் என்ன டிகிரியா முடித்தோம்' என்று சொல்வார்கள். நாலு வருஷத்தில் வருகிற பிள்ளைக்கு அந்த 15 வருஷம் கிடையாது. துணை ராணுவத்தில் அக்னிவீர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், கான்ஸ்டபிள் வேலைக்கு அவன் படிப்பு போதும். எஸ்.ஐ. ஆக வேண்டும், வங்கிக்குப் போக வேண்டும், குரூப் 2 எழுத வேண்டும் என்றால் பட்டம் கேட்பார்கள். எங்களுக்கு டிகிரி கூடுதல். இவனுக்கு அது தேவை.

நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள் என்றாலும் படிப்பு வீணாகாது. பிளஸ் டூ தேறிய சிப்பாய்க்கு ஆர்மி கேடட் காலேஜ் என்ற வழி இருக்கிறது. 20 முதல் 27 வயதுக்குள், தேர்வும், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற எஸ்.எஸ்.பி. நேர்காணலும் தாண்டினால் டேராடூனில் மூன்று வருஷம் படிப்பு, பிறகு ஒரு வருஷம் இந்திய ராணுவ அகாடமி, வெளியே வரும்போது லெப்டினன்ட். என் வகுப்பில் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு வாயே திறக்காமல் இருந்த மதராசிப் பையன் ஒருவன் அப்படிப் போனான். முதல் முறை தோற்றுத் திரும்பினான். தினம் செய்தித்தாளில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படி என்று சொன்னேன். குதிரை லாயமாக இருந்த ஒரு பழைய கட்டடத்தின் பின்னால் போய் நின்று, சுவரைப் பார்த்துப் படிப்பான். இரண்டாவது முறை தேர்வானான். பிறகு என்னைப் பார்க்க வந்தபோது அவனுக்கு நான் சல்யூட் அடித்தேன். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன், அவனும் என்னுடையதைப் பார்த்திருப்பான்.

பழைய_மதராசி எழுதியது:

சாப், ராம் ராம். நீங்கள் சொன்ன பார்ட் டூ ஆர்டர் விஷயத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது. என் பி.ஏ. ரெக்கார்டில் இருந்ததால் வங்கிக் கிளார்க் தேர்வுக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் போக முடிந்தது. இப்போது குன்னூரில்தான் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா, அப்பாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். டீ சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம். வண்டி ஓட்டுவது கேவலம் இல்லை. ஆனால் சீசன் இல்லாத மழை மாசங்களில் குன்னூர் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கிற வண்டிகளை அவரே பார்க்கட்டும்.

பனிமுகடு எழுதியது:

ராம் ராம் சாப். 15 வருஷ விதிக்கும் இந்தப் பையன்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இதுவரை இப்படி யோசித்ததில்லை. நாளை ரோல் கால் முடிந்ததும் என் ஆறு பேரிடமும் பேசுகிறேன். சென்ட்ரி பட்டியல் போடுவது நான்தான். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் படிக்கிறவனுக்குக் கடைசி நேர டியூட்டி வராமல் என்னால் பார்த்துக்கொள்ள முடியும். தூக்கத்தில் கை வைக்காமல் படி என்பதை மட்டும் தம்பிக்கு என் சார்பாகச் சொல்லுங்கள் அக்கா.

கோத்தகிரி_அக்கா எழுதியது:

பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். இலை பறிக்கிற வேலை, அதோடு மழை.

கல்வி சுபேதார் ஐயா எழுதியதை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை, "அந்தப் பதினஞ்சு வருஷம் இவனுக்குக் கிடையாதா" என்று மட்டும் கேட்டார். கிடையாது என்றேன். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில், "அவன்கிட்ட கேளு, ராத்திரி டியூட்டி எத்தனை மணிக்கு முடியுதுன்னு" என்றார். அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசினான். கல்வி ஜே.சி.ஓ.விடம் போய்ப் பேசியிருக்கிறான். விண்ணப்பம் கம்பெனியில் எழுதிக் கொடுத்தாயிற்று. முதல் தடவைக்கு ஒரே பாடம், சுற்றுலா. நம்பர் என்னுடையது, மின்னஞ்சலும் என்னுடையது. மறுபதிவுத் தேதி வந்ததும் வட்டம் போட காலண்டரில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இன்று காலை அம்மா பார்சல் கட்டினாள். முறுக்கு, வர்க்கி, ஒரு ஸ்வெட்டர். மேலே மூன்று பால்பாயிண்ட் பேனாவை ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். பழைய மதராசி ஐயா எழுதியதை அவளுக்கும் படித்துக் காட்டியிருந்தேன். பத்தரை மணி பஸ்ஸில் தபால் ஆபீஸுக்குப் போகிறேன்.